ஐந்து வயதில் ஃப்ளாஸ்: நூல் யார் கையில்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. கீழ்க் கடவாய்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவே சொத்தை இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பல் டாக்டர் அதை அடைத்துவிட்டு, "தினமும் ஃப்ளாஸ் பண்ணப் பழக்குங்கள்" என்றார்; அதாவது, பல் இடுக்கை மெல்லிய நூலால் சுத்தம் செய்வது. நூலைக் கையில் கொடுத்தால் விளையாடுகிறாள். நான் செய்யப் போனால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். ஒரு நாள் ரத்தம் வந்ததும் பயந்துபோய் விட்டுவிட்டேன். "விழப்போற பல்லுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் நூலை அவள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். ஐந்து வயது விரல்களுக்கு இந்த வேலை வராது. அவள் தலையை இன்னும் நீங்கள்தானே பின்னிவிடுகிறீர்கள்? இதுவும் அப்படித்தான். எட்டு வயதுவரையாவது உங்கள் வேலை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. குழந்தைகளிடம் நடந்த ஃப்ளாஸ் ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. பள்ளி நாட்களில் பயிற்சி பெற்றவர்கள் தினமும் ஃப்ளாஸ் செய்துவிட்ட குழந்தைகளுக்கு இடுக்குச் சொத்தை வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. தாங்களே செய்துகொண்டவர்களிடம் குறிப்பிடும்படி பலன் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்துவிட்டதிலும் பலன் இல்லை. ஆக, பெரியவர் கை வேண்டும், தினமும் வேண்டும்.

தினமுமா என்று மலைக்காதீர்கள். முன்பற்களுக்கு நடுவே சந்து தெரிந்தால் அங்கே பிரஷ்ஷே போதும். பால் பல்லில் கடவாய்ப் பற்கள் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டுதான். அவை ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் இடங்கள் மேலும் கீழும் சேர்த்து நான்கு. அந்த நான்கு இடுக்குகள்தான் கணக்கு. பழகிவிட்டால் ஒரு நிமிட வேலை.

வெறும் நூலைவிடக் கைப்பிடி வைத்த ஃப்ளாஸ் பிக் இந்த வயதுக்கு வசதி. மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை உங்கள் மடியில் மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்றுகொண்டு செய்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, அவளும் தலையைத் திருப்பிக்கொள்வாள். நூலை ஒரே அழுத்தாக அழுத்தி இறக்காதீர்கள். ஈறில் 'சுரீர்' என்று படுவது அப்போதுதான். அப்புறம் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்? முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து இறக்கி, ஒரு பல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை தேயுங்கள். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல். அடைத்த இடத்தில் நூல் சிக்கினாலோ பிரிந்து வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அடைப்பின் ஓரம் சொரசொரப்பாக இருக்கலாம்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடுக்கு போதும். எந்த இடுக்கு என்று அவளே சொல்லட்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, பல் தேய்ப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

ரத்தம் வந்ததற்காக நிறுத்த வேண்டியதில்லை. இடுக்கில் அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருந்தால், தொட்டாலே கொஞ்சம் கசியும். தினமும் சுத்தம் செய்தால் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். தையல் நூல், ஈர்க்குச்சி, ஊக்கு எதுவும் வேண்டாம்.

மாமியாரிடம் சண்டை போடாமல் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும், ஆனால் கடவாய்ப் பால் பல் விழுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும். அதுவரை மெல்ல வேண்டியது அதில்தான். சீக்கிரமே பிடுங்க வேண்டி வந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து வந்து, அடியில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும். ஆறு வயதையொட்டி கடவாய்ப் பால் பல்லின் பின்னாலேயே நிரந்தரக் கடவாய்ப் பல்லும் வந்துவிடும். அப்போது நான்கு இடுக்கு எட்டாகும்.

எட்டு வயதுக்கு மேல் நூலை அவளிடம் கொடுக்கலாம். சுமார் 25 செ.மீ. நூலை முடிச்சுப் போட்டு வளையமாக்கிக் கொடுத்தால் பிடிக்கச் சுலபம். முதலில் அவள், பிறகு ஒரு சுற்று நீங்கள்.

அடுத்த முறை போகும்போது, மறுபக்கமும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். இடுக்குச் சொத்தை ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு.