மறு: மல்லாவியிலிருந்து கொழும்புக்கு மானிய விமானம் உண்டா?

தம்பி, முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கொழும்பு வைத்தியரிடம் கொண்டுபோக, இந்தியாவின் உடான் என்ற மானிய விமானத் திட்டம் போல வவுனியாவிலிருந்து மலிவு விமானம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. வவுனியா ஓடுபாதை விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது.

2016இல் அறிவித்த உடானில், ஒரு மணி நேரப் பறப்புக்குப் பாதி இருக்கைகளின் கட்டணம் 2500 இந்திய ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். விமான நிறுவனத்தின் பற்றாக்குறையை அரசு ஈடுசெய்தது. ஒரு தடத்துக்கு அந்த மானியம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு பல தடங்கள் படுத்துவிட்டன. இங்கே அப்படிப் பணம் ஒதுக்கினால், நான் முதலில் கேட்பது மல்லாவி வீதிக்கு ஒழுங்கான பஸ்தான்!

மாங்குளம் வரை முச்சக்கரவண்டி, பிறகு ரயில். எந்த ரயில் நிற்கும் என்று நிலையத்தில் கேட்டு, ஆசனத்தை முன்பதிவு செய்யுங்கள். அம்மா இடையிடையே எழுந்து நடக்கலாம். பெட்டியின் படி உயரம். பிடித்து ஏற்ற இருவர் வேண்டும்.