வெள்ளைத் திரை, வால் நீண்ட முகவரி: வலைத்தள வாசகர் கேள்வி பதில்

சொந்தத் தளம் வைத்து எழுதும் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்களுக்கான பக்கம் இது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளங்களைப் பற்றியவை. பதில்களும் அதையொட்டியே இருக்கின்றன.

சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். 'பண்ருட்டி பலாச்சுளை பாயசம்' என்று தலைப்பிட்டால் இணைப்பு முகவரி 'பாயச' என்பதோடு நின்றுவிடுகிறது. அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வரி வரியாகச் சதவீதக் குறிகள். தளத்தில் கோளாறா?
– வாசகி, பண்ருட்டி

கோளாறு இல்லை. தமிழ் எழுத்து முகவரிக்குள் பிடிக்கும் இடம்தான் காரணம். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் பொதுக் குறிமுறை யூனிகோடு. இணையத்தில் வழங்கும் அதன் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு). முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று இடம் எடுக்கும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனிக் குறியீடுகள். 'பண்ருட்டி' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு 9 குறியீடு. முகவரியில் 81 இடம். கட்டுரையின் பெயர்ப்பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது மொத்தமே 200. உங்கள் தலைப்பில் 'பாயச' வரும்போது சரியாக 200 நிரம்பிவிடுகிறது, 'ம்' வெளியே நின்றுவிடுகிறது.

தொடர் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். 'கடலூர் மாவட்டச் சமையல் பகுதி 1', 'பகுதி 2' என்று போட்டால் முகவரி 'பகுதி'யின் முதல் எழுத்திலேயே அறுந்துவிடும். எல்லாப் பகுதிகளும் ஒரே பெயரில் முட்டுவதால் வேர்ட்பிரஸ் தானாக 2, 3 என்று வால் சேர்க்கும். இடையில் ஒரு கட்டுரையை அழித்து மறுபடி ஏற்றினால் அந்த எண்ணுக்கும் பகுதி எண்ணுக்கும் தொடர்பே இருக்காது.

தீர்வு எளிது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டியில் முகவரிக்கான பெட்டியைத் திறந்து, பண்ருட்டி, பலா, பாயசம் என்ற மூன்று சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடையில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். மூன்று, நான்கு சொல் போதும். ஏற்கெனவே வெளியான பதிவுகளையும் இப்படி மாற்றலாம்; பதிவின் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துக்கொண்டு, அங்கே வருகிறவரைப் புதிய இடத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் 'எங்களைப் பற்றி' போன்ற தனிப் பக்கங்களுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றை மாற்றினால் 'ரீடைரக்‌ஷன்' என்ற இலவச பிளக்இன்னை (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) நிறுவி, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வகை (நிரந்தர) மடைமாற்றம் போட்டாக வேண்டும்.

தேடலில் பின்தங்குவோமோ என்ற பயம் வேண்டாம். கூகுள் தமிழ் முகவரியையும் படிக்கும், ஆங்கில எழுத்து முகவரியையும் படிக்கும். பகிர்கிறவருக்கும் தட்டச்சு செய்கிறவருக்கும் எது வசதி என்பதே இங்கே கேள்வி.

மழைக்காலம் வந்தாலே பயம். என் தளத்தில் எட்டு ஆண்டுக் கட்டுரைகள் உள்ளன. வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். போதுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

போதாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டபோதும் இந்தக் கரையில் என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணினியும் வெளி ஹார்டு டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்றாவது ஊருக்கு வெளியே: இந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடும் தளம் முதல் பிரதி. வீட்டு டிஸ்க் இரண்டாவது. கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு மூன்றாவது.

எதைப் பிரதி எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தளத்தின் கோப்புகளை மட்டும் இறக்கி வைத்தால் கட்டுரை ஒன்றுகூட அதில் இருக்காது. எழுத்து முழுவதும் டேட்டாபேஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. படங்கள் 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறைக்குள் 'அப்லோட்ஸ்' என்ற இடத்தில் இருக்கின்றன. இந்த இரண்டும் கட்டாயம். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம், பிளக்இன் தொலைந்தால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். டேட்டாபேஸும் படங்களும் தொலைந்தால் போனதுதான்.

'அப்டிராஃப்ட்பிளஸ்' பிளக்இன்னின் இலவசப் பதிப்பே இதைச் செய்யும். அதன் அமைப்புகளில் கூகுள் டிரைவை இணைத்து, டேட்டாபேஸை நாள்தோறும், கோப்புகளை வாரம் ஒருமுறை எடுக்கும்படி வையுங்கள். டேட்டாபேஸுக்கு 14 பிரதியும் கோப்புக்கு 4 பிரதியும் தங்கினால் போதும். தளத்தில் ஏதோ கெட்டுப்போனது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவந்தாலும் பின்னோக்கிப் போக இடமிருக்கும்.

எங்கே சறுக்கும்? பிரதிகள் ஹோஸ்டிங் இடத்திலேயே (தளம் இயங்கும் வாடகைச் சேவையகத்திலேயே) தேங்கினால் அந்த இடம் நிரம்பித் தளமே நின்றுவிடும். கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினாலோ, டிரைவ் இணைப்பின் அனுமதி அறுந்தாலோ, பிரதி போய்ச் சேராது. அதனால் மாதம் ஒருமுறை சோதியுங்கள். டிரைவிலிருந்து கடைசி டேட்டாபேஸ் கோப்பை இறக்கி, விரித்து, நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துக் கருவியில் திறந்து, நீங்கள் கடைசியாக வெளியிட்ட கட்டுரையின் தலைப்பைத் தேடுங்கள்.

தலைப்பு தமிழிலேயே கிடைத்தால் பிரதி நல்லது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் எழுத்து பத்திரமாகவே இருக்கும், திறக்கும் கருவிதான் குறிமுறையைத் தவறாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8 என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஆனால் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் அந்தப் பிரதியில் தமிழ் அழிந்துவிட்டது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. தளம் உயிரோடு இருக்கும்போதே, டேட்டாபேஸின் குறிமுறையை யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்-8இன் முழு வடிவம்) என்று வைத்து வேறு பிரதி எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.

ஒரு பிளக்இன்னை அப்டேட் செய்தேன். தளம் முழுக்க வெள்ளைத் திரை. நிர்வாகப் பக்கத்துக்குள்ளும் போக முடியவில்லை.
– வாசகர், லாஸ்பேட்டை

முதலில், எதையும் அழிக்காதீர்கள். நிர்வாகி மின்னஞ்சலைத் திறந்து, ஸ்பேம் பெட்டி உட்படப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படிப் பிழை நேர்ந்தால் வேர்ட்பிரஸ் ஒரு மீட்பு இணைப்பை அனுப்புகிறது. அதன் வழியாக நுழைந்தால் கோளாறான பிளக்இன் உங்கள் வரைக்கும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அதை அங்கேயே முடக்கிவிடலாம்.

அஞ்சல் வரவில்லையென்றால் ஹோஸ்டிங் கணக்கில் ஃபைல் மேனேஜரைத் திறங்கள். 'டபிள்யூபி-கன்டென்ட்', அதற்குள் 'பிளக்இன்ஸ்'. அங்கே அந்த பிளக்இன்னின் கோப்புறைப் பெயரின் கடைசியில் ஏதாவது ஓர் எழுத்தைச் சேர்த்துப் பெயர்மாற்றுங்கள். தளம் உடனே எழுந்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாவிட்டால் 'பிளக்இன்ஸ்' கோப்புறையையே பெயர்மாற்றி, நிர்வாகப் பக்கத்தில் பிளக்இன் பட்டியலை ஒருமுறை திறங்கள், எல்லாம் முடங்கிவிடும். பிறகு பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதை இயக்கும்போது மறுபடி வெள்ளையாகிறதோ அதுதான்.

இதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸை இயக்கும் பிஹெச்பி மொழி பழையதாக இருந்து, புதிய பிளக்இன் அதைவிட உயர்ந்த பதிப்பைக் கேட்பது, ஒதுக்கிய நினைவகம் தீர்ந்துபோவது, அப்டேட் பாதியில் அறுந்து அரைகுறைக் கோப்புகள் தங்குவது. முதலாவதே அதிகம். 'டபிள்யூபி ரோல்பேக்' பிளக்இன் மூலம் முந்தைய பதிப்புக்குத் திரும்பி, பிஹெச்பியை உயர்த்திய பிறகு மறுபடி முயலுங்கள். இனி ஒரே சொடுக்கில் பத்து பிளக்இன்களை அப்டேட் செய்யாமல், பிரதி எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் டொமைனை (தளத்தின் பெயர் முகவரியை) தன் கணக்கில் பதிந்துவிட்டார். ஆண்டுதோறும் அவர் கேட்கும் தொகையைக் கட்டுகிறேன். என் பெயருக்கு மாற்ற முடியுமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

முடியும். அவரோடு நல்ல உறவு இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஹோஸ்டிங் போனால் வேறு இடம் வாங்கிப் பிரதியை ஏற்றிவிடலாம். டொமைன் போனால், வாசகர் மனதில் பதிந்த பெயரும் உங்கள் கட்டுரைகளுக்கு இருக்கும் அத்தனை இணைப்புகளும் போய்விடும். ஆகவே டொமைன் உங்கள் பெயரில் இருப்பது, தளம் நல்ல வேகத்தில் ஓடுவதைவிட முக்கியம்.

முதலில், உலக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டு, எந்தப் பதிவாளரிடம் (டொமைன் விற்கும் நிறுவனத்திடம்) இருக்கிறது, எப்போது காலாவதி என்று குறித்துக்கொள்ளுங்கள். டாட் இன் என்றால் அதை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. எளிய வழி, அதே பதிவாளரிடம் நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்வது. பல பதிவாளர்களிடம் இதற்குக் கட்டணம் இல்லை. வேறு பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டுமானால் அவர் டொமைன் பூட்டைத் திறந்து, அங்கீகாரக் குறியீட்டைத் தர வேண்டும். அதன்பின் டாட் காம் போன்றவற்றுக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். பதிந்த 60 நாளுக்குள் மாற்ற இயலாது. உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் பல பதிவாளர்கள் 60 நாள் பூட்டுப் போடுவார்கள் என்பதால், முதலில் இடமாற்றம், பிறகு பெயர் திருத்தம் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

கணக்கு கைக்கு வந்ததும் இரண்டைக் கவனியுங்கள். தொடர்பு அஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்று, எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வரவே வராது. அடுத்து, தானியங்கிப் புதுப்பித்தலை மட்டும் நம்பாதீர்கள். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் தொடர்பணப் பரிவர்த்தனை விதிகளால், வெளிநாட்டுப் பதிவாளர்கள் நம் வங்கி அட்டையில் தாமாகப் பணம் எடுப்பது பல நேரம் தோற்றுப்போகிறது. காலாவதிக்கு ஒரு மாதம் முன் நீங்களே கட்டிவிடுங்கள். தவறவிட்டால் டாட் காமுக்குப் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதன்பின் 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். அதுவும் கடந்தால் யாரும் வாங்கலாம்.

கோயில் கல்வெட்டுகள் பற்றிய பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் உள்ளன. தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.
– வாசகர், வில்லியனூர்

பாமினியில் நீங்கள் அடித்த 'அம்மா' கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டியது, அவ்வளவே. தளத்தில் அந்த எழுத்துருவை ஏற்றிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், தேடுபொறிக்கு அது என்றைக்கும் குப்பைதான். யூனிகோடுக்கு மாற்றுவதே வழி. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் மூலக் குறிமுறை பாமினி, இலக்கு யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

கட்டுரைக்குள் உள்ள ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழாக நினைத்து மாற்றிவிடும். அந்தச் சொற்களை முன்பே தனியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். மாற்றி முடித்ததும் 'ஔ' எழுத்தைச் சரிபாருங்கள். அது 'ஒ', 'ள' என இரண்டாகப் பிரிந்து நிற்கக்கூடும். 'ஒள' வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றினால் 'ஒளி'யும் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கல்வெட்டு வாசகத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் பொருள் மாறும். மூலத்தை அருகில் வைத்துப் படித்துப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். வேர்டிலிருந்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துரு அலங்காரம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் விழும்.

பிச்சாவரம் படங்கள் நிறையப் போடுகிறேன். பக்கம் திறக்க நேரமாகிறது.
– வாசகர், பரங்கிப்பேட்டை

கைபேசிப் படம் பெரும்பாலும் 4000 பிக்சல் அகலம், 3 முதல் 5 எம்பி. கட்டுரைக்கு 1200 பிக்சல் போதும். உலாவியிலேயே இயங்கும் 'ஸ்கூஷ்' கருவியில் படத்தைப் போட்டு, அகலம் 1200, வடிவம் வெப்பி (WebP), தரம் 75 என்று வைத்து இறக்குங்கள். பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும். அலையாத்திக் காட்டின் இலை நெருக்கம் அதிகம் என்பதால் சில படங்கள் சற்றுக் கூடலாம். 70க்கு இறக்கிப் பாருங்கள், அதற்குக் கீழே இலைகள் சேறாகக் கலங்கும். 2560 பிக்சலுக்கு மேலான படத்தை வேர்ட்பிரஸ் தானே சுருக்கினாலும் மூலத்தையும் வைத்துக்கொள்வதால் உங்கள் இடம் தீரும். சுருக்கிய பிறகு ஏற்றுங்கள்.

தமிழுக்கென்று தனி எழுத்துரு ஏற்ற வேண்டுமா?
– வாசகி, முதலியார்பேட்டை

கட்டாயமில்லை. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் படிக்கத்தக்க தமிழ் எழுத்துரு உண்டு. அழகுக்காக ஏற்றினால் ஒரே குடும்பம், இரண்டு தடிமன், வாஃப்2 (இணைய எழுத்துருவுக்கான சுருக்கிய) வடிவம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம். வரி இடைவெளியை 1.7க்கு உயர்த்துங்கள். ஆங்கிலத்துக்காக வடிவமைத்த தீம்கள் தலைப்பில் எழுத்திடைவெளி வைத்திருக்கும். அதைச் சுழியமாக்குங்கள், இல்லையேல் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

தளம் தொடங்கி மூன்று மாதம் ஆகியும் கூகுளில் ஒரு பக்கம்கூட வரவில்லை.
– வாசகர், பாகூர்

அமைப்புகளில் 'ரீடிங்' பகுதிக்குப் போய், தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். தளம் கட்டும்போது போட்டு, எடுக்க மறந்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, கூகுளின் சர்ச் கன்சோல் சேவையில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுங்கள், 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் சைட்மேப்பைத் தானே உருவாக்கி வைத்திருக்கிறது. முக்கியமான நான்கைந்து பக்கங்களை மட்டும் முகவரிச் சோதனைப் பெட்டியில் போட்டு, சேர்க்கக் கோருங்கள். மற்றவற்றைக் கூகுள் சைட்மேப் வழியாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.