இரண்டரை நொடிக்குள் ஒரு பார்: சாம்பிளிங் கேள்வி பதில்

பழைய இசைத்தட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதை வைத்துப் புதிய பீட் கட்டும் ஹிப்-ஹாப் கலை பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: 90-களின் நியூயார்க் பீட்டில் இருக்கும் கரகரப்பு என் லேப்டாப்பில் வரவே மாட்டேன் என்கிறது. ஒலியின் தரத்தைக் குறைக்கும் பிட்-கிரஷர் போட்டும் பார்த்துவிட்டேன். ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் அந்த எஸ்பி-1200 சாம்ப்ளர் வாங்கினால்தான் வருமா சார்?

வாங்க வேண்டாம். அந்தப் பெட்டி என்ன செய்தது என்று புரிந்தால் போதும். ஈ-மூ நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த எஸ்பி-1200 12 பிட் மெஷின். நொடிக்குச் சுமார் 26,000 முறைதான் ஒலியை அளக்கும். மொத்த நினைவகம் 10 நொடி, ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் இரண்டரை நொடி. 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 அடி) நாலு அடி கொண்ட ஒரு பார் 2.67 நொடி ஓடும். அதாவது, ஒரே ஒரு பார்கூட முழுசாக உள்ளே போகாது!

அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 45-ல் சுழலவிட்டுப் பதிவு செய்தார்கள். வேகம் 1.35 மடங்கு, 2.67 நொடி 1.98 ஆகச் சுருங்கியது. உள்ளே வந்தபின் ஐந்து செமிடோனுக்கு (அரைச் சுர இடைவெளி) சற்று அதிகமாக இறக்கிப் பழைய சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். கரகரப்பு பிறப்பது இந்த இறக்கத்தில்தான். இடைவெளியை நயமாக நிரப்பத் தெரியாத மெஷின், இருக்கும் புள்ளியையே திரும்பப் போடும். ஹை-ஹேட் (ட்ரம் செட்டின் ஜால்ரா) ஒலியின்மேல் ஓர் உலோக ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் கிரஷரைக் கடைசியில் போடுகிறீர்கள், அதுதான் சிக்கல். முதலில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றும் டைம்-ஸ்ட்ரெட்ச்சை அணைத்துவிட்டுச் சாம்பிளை 5 செமிடோன் ஏற்றுங்கள். பிறகு 26 கிலோஹெர்ட்ஸ், 12 பிட்டுக்கு மாற்றுங்கள். அதற்கப்புறம் சாம்ப்ளரில் இன்டர்பொலேஷனை (இடைவெளியை நயமாக நிரப்பும் வசதி) அணைத்து 5 செமிடோன் இறக்குங்கள். வரிசை மாறினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: யாரையெல்லாம் முதலில் கேட்க வேண்டும்? பட்டியல் கொடுங்கள் அண்ணா.

பட்டியலாகக் கேட்டால் காதில் ஒன்றும் தங்காது, தம்பி. ஆளுக்கு ஒரு பாடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்லி மார்ல்: திரும்பத் திரும்ப ஓடும் முழு லூப்பை விட்டுவிட்டு, தட்டிலிருந்து ட்ரம் அடிகளான கிக்கையும் ஸ்னேரையும் தனித்தனியாகப் பிய்த்துத் தன் தாளத்தில் அடுக்கலாம் என்று காட்டியவர். தி ஹனி டிரிப்பர்ஸ் குழுவின் 1973 பாடலான ‘இம்பீச் த பிரெசிடென்ட்’ ட்ரம்மை அவர் ‘தி பிரிட்ஜ்’ பாட்டில் என்ன செய்தார் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். இன்றைக்கு எல்லோரும் செய்கிற வேலையின் பிள்ளையார் சுழி அங்கே இருக்கிறது.

டிஜே பிரீமியர் வெட்டுவதில் மன்னன். ராப்பர் நாஸின் ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’டில் வரும் பியானோ, ஜோ சேம்பர்ஸின் ‘மைண்ட் ரெயின்’ என்ற ஜாஸ் பதிவில் சில நொடி எட்டிப்பார்க்கிற விஷயம். மூலத்தை முதல்முறை கேட்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார். பீட் ராக்கிடம் கேட்க வேண்டியது பேஸும் (கீழ் ஒலி) ஹார்னும் (ஊதுகுழல்). பாம் ஸ்குவாட் குழு, ஒலிமேல் ஒலி அடுக்கும் அடர்த்திக்கு. ரிஸா, சோல் குரல்களைச் சுருதி மாற்றி இருட்டாக்கியதற்கு. ஜே டில்லாவுக்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

கேள்வி: சாம்பிளைச் சாப் செய்து (துண்டாக்கி) பேடில் (தட்டி வாசிக்கும் பொத்தான்) போட்டால் ஒவ்வொரு துண்டும் ‘டிக்’ என்கிறது. இரண்டு பேட் தட்டினால் ஒன்றோடொன்று குழம்புகிறது.

இரண்டும் வேறுவேறு நோய். அலை பூஜ்யக் கோட்டைத் தாண்டாத இடத்தில் வெட்டினால் ஸ்பீக்கர் திடீரென்று குதிக்கும், அதுதான் டிக். ஜூம் செய்து பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள். தலையில் 1 மில்லிசெகண்ட், வாலில் 5 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலி மெல்ல எழுவது, மெல்ல அடங்குவது) போதும். தலையில் 10-ஐத் தாண்டினால் ஸ்னேரின் அடி மழுங்கிவிடும். குழப்பத்துக்கு: எல்லாத் துண்டுகளையும் ஒரே மியூட் குரூப்பில் போடுங்கள், அடுத்ததைத் தட்டியதும் முந்தையது வாயை மூடும்.

இன்னொன்று: கட்டத்துக்குக் கட்டம் சமமாக வெட்டாதீர்கள். ஸ்னேர் விழும் நொடியிலோ பாடகர் மூச்சிழுக்கும் இடத்திலோ வெட்டினால்தான் தட்டும்போது உயிர் வரும்.

கேள்வி: ஜே டில்லா குவாண்டைஸே (தாளத்தைக் கணக்காக நேராக்கும் வசதி) போடமாட்டார் என்கிறார்களே? நானும் அணைத்துவிட்டு வாசித்தேன், தள்ளாட்டமாகத்தான் இருக்கிறது.

பாதிதான் உண்மை. டெட்ராய்ட்டின் டில்லா பயன்படுத்திய எம்பிசி-3000 சாம்ப்ளர் (இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது) ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாக முன்னே பின்னே தள்ள விடும். எல்லாம் சேர்ந்து தள்ளாடினால் வாசிக்கத் தெரியாதவர் மாதிரிதான் கேட்கும். ஒன்று நேராக நின்று, மற்றொன்று சாய்ந்தால்தான் அந்த இழுவை.

கணக்கோடு சொல்கிறேன். 90 பிபிஎம்மில் ஓர் எட்டாம் நோட் (அரை அடி) 333 மில்லிசெகண்ட். ஸ்விங் (இடை நோட்டைப் பின்தள்ளும் அளவு) 50 சதவீதம் என்றால் இடையில் வரும் பதினாறாம் நோட் 167-ல் விழும். 54 என்றால் 180, 58 என்றால் 193, 66 என்றால் 220, அது கிட்டத்தட்டத் திஸ்ர நடை. ஹை-ஹேட்டை 50-லேயே விடுங்கள். கிக்கை 58-ல் வையுங்கள். ஸ்னேரை 10 முதல் 15 மில்லிசெகண்ட் முன்னே இழுங்கள். பேஸைக் கொஞ்சம் பின்தங்க விடுங்கள். அப்புறம் எண்களை மறந்துவிட்டுக் காதால் திருத்துங்கள். 2006 பிப்ரவரியில், அவர் மறைவுக்கு மூன்று நாள் முன்பு வந்த ‘டோனட்ஸ்’ ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பீட் ராக் மாதிரி சாம்பிளிலிருந்தே பேஸ் எடுப்பது எப்படி?

துண்டை நகலெடுங்கள். நகலில் லோ-பாஸ் ஃபில்டரை (கீழ் ஒலியை மட்டும் விடுவது) 200 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள், மூலத்தில் அதே இடத்தில் ஹை-பாஸ் (மேல் ஒலியை மட்டும் விடுவது). பலரும் இந்த ஹை-பாஸை மறக்கிறார்கள். அப்போது கீழ் ஒலி இரண்டு முறை வரும், ஃபில்டர் அலையின் ஃபேஸை (ஏற்ற இறக்க நிலை) நகர்த்தியிருப்பதால் சில நோட்டுகள் வீங்கும், சில காணாமல் போகும். கிக் 60 ஹெர்ட்ஸ் சுற்றி இருந்தால் பேஸை அங்கே 3 டெசிபல் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: சோல் பாட்டு 72 பிபிஎம். வேகத்தைக் கூட்டி, கீச்சென்ற சிப்மங்க் குரலாக்கி 90-க்குக் கொண்டுவந்தேன். கீபோர்டு சேர்த்தால் சுருதி பிசகுகிறது.

72-லிருந்து 90 என்பது 1.25 மடங்கு, அது 3.86 செமிடோன். நீங்கள் 4 என்று நினைத்து வாசிக்கிறீர்கள். சாம்பிள் 14 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்) கீழே நிற்கிறது. கீபோர்டையும் 14 சென்ட் இறக்குங்கள், இல்லையென்றால் பீட்டை 90.7-க்கு ஏற்றுங்கள். பழைய தட்டே 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதியில் இல்லாமல் இருக்கலாம், அதையும் ஒரு நோட்டை வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: இரண்டு நொடிக்குள் எடுத்தால் உரிமை வாங்க வேண்டாமாமே?

அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. 2005-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஃபங்கடெலிக் பாட்டின் இரண்டு நொடி கிடாருக்கே உரிமம் வாங்கு, இல்லையேல் எடுக்காதே என்றது. 2016-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மடோனாவின் ‘வோக்’கில் இருந்த 0.23 நொடி ஹார்னைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றது. இரண்டும் இன்னும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. 1991-ல் பிஸ் மார்க்கி தோற்ற வழக்குக்குப் பிறகு நீண்ட லூப்புகளுக்கு விலை ஏறியது. பொடிப்பொடியாக வெட்டும் பாணி வளர்ந்ததில் ரசனையோடு வக்கீல் பயத்துக்கும் பங்கு உண்டு.

உரிமை இரண்டு: ஒலிப்பதிவுக்கு ஒன்று, இசைக்கும் வரிகளுக்கும் மற்றொன்று. டாக்டர் டிரே செய்ததுபோல் வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசித்தால் முதலாவது தேவையில்லை. இரண்டாவது அப்போதும் வேண்டும்.

கேள்வி: நம் பாட்டுகளை யாராவது எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பிளாக் ஐட் பீஸின் ‘தி எலிஃபங்க் தீம்’மில் இருக்கிறது. ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ தாளம் எம்.ஐ.ஏ.வின் ‘பேம்பூ பாங்கா’வில் இருக்கிறது. இரண்டும் இளையராஜா. தாளமும் வயலினும் பேஸும் பாருக்குப் பார் மாறிக்கொண்டே போகும் பாட்டுகள் என்பதால், அவற்றில் சுத்தமான நாலு பார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்டர்லூடில் தேடுங்கள்.

கேள்வி: தட்டிலிருந்து பதிவு செய்தால் பேஸே இல்லை, ஓர் உறுமல் வேறு.

ஃபோனோ ப்ரீஆம்ப் (தட்டின் ஒலியைப் பெருக்கிச் சமன்செய்யும் பெட்டி) இல்லாமல் நேரே லைன்-இன்னில் செருகியிருக்கிறீர்கள். உறுமல், டர்ன்டேபிளின் எர்த் வயரை ப்ரீஆம்பில் முறுக்காததால். இரண்டையும் சரிசெய்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் எடுங்கள்.