துணி எங்க காயும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

நான் ஆர்க்கிடெக்சர் மூணாவது வருஷம். போன வாரம் ஹவுசிங் ஜூரி, அதாவது நாங்க வரைஞ்ச குடியிருப்பு டிசைனை எல்லார் முன்னாடியும் விளக்கணும், ஜூரர்கள் கேள்வி கேட்பாங்க. 120 வீடு, ஏழு மாடி, ரெண்டு பிளாக், மூணு மாடிக்கு ஒரு பிரிட்ஜ் போட்டு ரெண்டையும் சேர்த்திருந்தேன், அந்த பிரிட்ஜ்ல ஜனங்க நின்னு பேசுவாங்க, பசங்க விளையாடுவாங்கங்கறதுதான் என் கான்செப்டே. ரெண்டு ராத்திரி தூங்கல. ஷீட் ஒட்டிட்டு பேச ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகல, வெளில இருந்து வந்த ஜூரர் ஒருத்தர் "கான்செப்ட் இருக்கட்டும், துணி எங்க காயும்?"னார். எனக்கு பதிலே வரல. அடுத்து "பிரிட்ஜுக்கு எவன் வருவான்?" கடைசியா "இது வீடு இல்ல, ஹோட்டல்"னு சொல்லி சிவப்பு பேனாவால என் பிளான் மேலயே கோடு இழுத்துட்டார். கிளாசே சிரிச்சுது. பாத்ரூம்ல போய் அழுதேன். எனக்கு இந்தத் துறை செட் ஆகாதோ? எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு கிழிக்கறதுல யாருக்கு என்ன லாபம்?

(பெயர் வேண்டாம் அக்கா)

தம்பி,

மொதல்ல அந்த சிவப்பு பேனா. அது தப்பு, அதுல ரெண்டு பேச்சே இல்ல. மேல ஒரு ட்ரேசிங் பேப்பர் போட்டு வரைஞ்சிருக்கலாம், ஆபீஸ்ல நாங்க தினமும் அப்படித்தான் திருத்தறோம். ஹோட்டல்னு சொன்னதும் கைத்தட்டலுக்கு சொன்னதுதான், அதுல இருந்து நீங்க எதையும் எடுத்துட்டுப் போக முடியாது. சிரிச்ச பசங்களை விடுங்க, அடுத்தது நம்ம டர்ன்ங்கற பயத்துல பாதி பேர் சிரிச்சிருப்பாங்க.

ஆனா துணி எங்க காயும்னு கேட்டார் பாருங்க, அந்த ஒரு கேள்விக்காக அவரை பாதி மன்னிச்சுடலாம். வீட்டுக்கு நாலு பேர்னு வெச்சாலும் 480 பேரோட துணி. நீங்க இடம் குடுக்கலன்னா அது காயாம இருந்துடாது, உங்க பிரிட்ஜ் கைப்பிடியில காயும், ஜன்னல் கம்பியில காயும், நீங்க ராவெல்லாம் முழிச்சு கலர் ஏத்தி ரெண்டர் பண்ண எலிவேஷன், அதான் கட்டடத்தோட வெளி முகப்பு படம், அது முழுக்க காயும்.

எனக்கும் இப்படி ஒண்ணு நடந்துச்சு. நாலாவது வருஷம், குறைஞ்ச பரப்புல வீடு. பெட்ரூம் 10க்கு 9 அடி, ஃபர்னிச்சர் போடாம வெறும் சுவரா வரைஞ்சு வெச்சிருந்தேன், பிளான் சுத்தமா தெரியும்னு நினைப்பு. வந்திருந்த பெரியவர் கத்தவே இல்ல, கையில ஒரு பென்சில குடுத்து "இந்த வீட்டுல நீ படுத்திருக்கம்மா, ராத்திரி ரெண்டு மணி, தண்ணி குடிக்கணும், போயிட்டு வா"ன்னார். படுக்கறதுக்கு மொதல்ல கட்டில் வரையணுமே, ஆறரை அடி கட்டிலை 9 அடி பக்கமா போட்டேன், கால்மாட்டுல மிச்சம் ரெண்டரை அடி. கதவு அங்கதான், மூணு அடி கதவு. திறந்தா கட்டில்ல இடிக்குது. கட்டிலைத் திருப்பிப் போட்டா அலமாரி திறக்கல. சரின்னு எப்படியோ வெளில வந்தா கிச்சனுக்குப் போற வழி ஹால்ல படுத்திருக்கறவங்க தலைமாட்டு மேலயே போகுது. பென்சில் அங்க நின்னுடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, "சரி, உக்காரு"ன்னார். எனக்கு அழுகை வரல, காது ரெண்டும் சுட்டது மட்டும் ஞாபகம் இருக்கு.

உங்க பிரிட்ஜுக்கு வரேன். நீங்க ப்ரூயிட் ஐகோ படிச்சிருப்பீங்க, பரீட்சைக்குப் படிச்சு மறந்தும் இருப்பீங்க. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 1950கள்ல கட்டின அரசாங்கக் குடியிருப்பு, 33 பிளாக், எல்லாம் 11 மாடி, டிசைன் மினோரு யமசாகி. லிப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, மூணு மாடிக்கு ஒரு தடவைதான், அங்க ஒரு நீளமான கேலரி, பொது வராண்டா மாதிரி, ஜனங்க அதுல கூடிப் பேசுவாங்க பசங்க விளையாடுவாங்கன்னு அழகழகா டிராயிங்கெல்லாம் போட்டாங்க, கட்டறதுக்கு முன்னாடியே பத்திரிகையில பாராட்டும் வந்துச்சு. உங்க கான்செப்டேதான், கவனிச்சீங்களா? போகப் போக அந்த கேலரி ஜனங்க கடந்து போகவே பயப்படற இடமா ஆச்சு. 1972ல இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. டிசைனாலதான் எல்லாம் போச்சுன்னு சொல்றது சுலபம், நான் ஒத்துக்க மாட்டேன், வர்ற வாடகையில மெயின்டனன்ஸ் பாக்கணும்னு வெச்சதுல ஆள் குறையக் குறைய லிப்டும் குழாயும் ரிப்பேராவே கிடந்துச்சு, அதெல்லாம் பெரிய காரணம். ஆனா டிராயிங்ல சிரிச்சுட்டு நின்ன அந்த ஜனங்களை யாரும் விசாரிக்கல, நீங்க எந்த வீட்டுல இருந்து வரீங்க, எதுக்காக இங்க நிக்கறீங்கன்னு.

அதனால எவன் வருவான்ங்கறதை திட்டா எடுத்துக்காம நெஜமான கேள்வியா எடுத்துக்குங்க. அஞ்சாவது மாடிக்காரர் ஒரு மாடி ஏறியோ ரெண்டு மாடி இறங்கியோ பிரிட்ஜுக்கு ஏன் வரணும்? அவர் தினமும் போற வழியில அது இருக்கா? அங்க நின்னா அவர் வீட்டு வாசல் கண்ணுல படுமா? இதுக்கு பதில் இருந்தா பிரிட்ஜ் இருக்கட்டும்.

இன்னொண்ணு, எலிவேஷன் கெட்டுப் போயிடுமேன்னு பயந்துதான் நிறைய பேர் பால்கனியில துணி வரைய மாட்டாங்க. ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனா குழு தென் அமெரிக்காவுல சிலியில, இக்கிக்கேல, 2004ல கிட்டத்தட்ட நூறு குடும்பத்துக்குக் கட்டினதைப் பாருங்க. காசு பத்தல. அதனால கிச்சன், பாத்ரூம், படிக்கட்டுனு ஜனங்க சொந்தமா கட்டிக்க கஷ்டமான பாதிய மட்டும் கட்டிட்டு பக்கத்துல அதே அளவுக்கு காலியா விட்டாங்க. மிச்சத்தை ஆளாளுக்கு அவங்கவங்க பலகை, அவங்கவங்க பெயின்ட்னு கட்டிக்கிட்டாங்க. பாக்க ஒரே சீரா இருக்காது. அந்த சீரில்லாததையும் அவர் எலிவேஷன்ல கணக்கு வெச்சிருந்தார்.

துறை செட் ஆகாதோன்னு கேட்டதுக்கு எனக்கு பெருசா பதில் இல்ல, ஒரு ஜூரிய வெச்சு அதெல்லாம் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் செய்யுங்க, அடுத்த தடவை பக்கத்துல ஒரு ஃப்ரெண்டை உக்கார வெச்சு ஜூரர் சொல்றதை எழுதச் சொல்லுங்க. நிக்கறவனுக்கு பாதி காதுலயே விழாது, திட்டினது மட்டும்தான் மனசுல நிக்கும். பேச ஆரம்பிக்கும்போதும் கான்செப்ட்ல இருந்து வேண்டாம், வாசல் கேட்ல இருந்து ஆரம்பிங்க, ரெண்டு கையிலயும் பையோட ஒருத்தர் வர்றார், எங்க திரும்பறார், எத்தனை படி, சாவிய எங்க நின்னு எடுக்கறார்னு.

நீங்க அனுப்பின திருத்தின பிளான் பாத்தேன். கிச்சனுக்குப் பின்னாடி துணி காய இடம் விட்டிருக்கீங்க, சரிதான். ஆனா அதுக்கு நேர் எதிர்ல நாலு அடியில பக்கத்து வீட்டு பெட்ரூம் ஜன்னல் இருக்கு, கட்டடத்தை மேல இருந்து கீழ வெட்டின மாதிரி செக்ஷன் ஒண்ணு வரைஞ்சு பாத்துட்டு திரும்ப அனுப்புங்க.