சிறுவர் கதைகள் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'ஹோம்ஸ்டெட்'டைப் பார்க்கப் போகிறோம். ஹோம்ஸ்டெட் என்றால் பண்ணை வீடா?

வீடு மட்டுமல்ல, நிலமும் சேர்ந்தது. 1862-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த சட்டப்படி, அன்று சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கர் நிலம் வரை கேட்க முடிந்தது. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகிவிடும். மேற்குப் பகுதியில் மக்களைக் குடியேற்றுவதே நோக்கம். நிலம் சும்மா கிடந்ததல்ல, பூர்வகுடிகளிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். ஆனால் இங்கே துண்டு போட்டால் போதாது, ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அதனால்தான் அவசரத்துக்கு ஒரு சின்னப் பலகைக் குடிசை! லாராவின் அப்பா சார்லஸ், 1880-இல் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்கு அருகே இப்படித்தான் நிலம் எடுத்தார். அங்கே இன்று நிற்பது மறுபடி கட்டிய வீடு. சார்லஸ் நட்டதாகச் சொல்லப்படும் காட்டன்வுட் மரங்களைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அப்புறம், ஊருக்குள் சர்வேயர் வீடு. அந்தக் குடும்பம் குளிர்காலம் கழித்த அசல் வீடு அது.

பலர் நினைப்பதுபோல லாரா தன் கதைகளை இங்கே எழுதவில்லை. அறுபது வயதுக்கு மேல், மிசௌரி மாநிலத்து மேன்ஸ்ஃபீல்டில் எழுதினார்.