பின்னால் 190 போடலாமா?

கேள்வி: என்னுடையது செயின் டிரைவ் டூரிங் பைக். பின்னால் 180/55-17 டயர் (அகலம் 180 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம்), ரிம் அகலம் 5.5 அங்குலம். நானும் மனைவியும் பக்கப் பெட்டிகள் இரண்டு, பின்னால் டாப் பாக்ஸ் ஒன்று என்று சாமான்களோடு நீண்ட பயணம் போவோம். வேகம் கூடினால் பின்பக்கம் லேசாக ஆடுகிறது. நீண்ட வளைவுகளில் நினைத்த கோட்டில் வண்டி நிற்பதில்லை. டயர் மாற்றும் நேரமும் வந்துவிட்டது. 190/50 போட்டால் பிடிப்பு கூடும், சுமையும் நன்றாகத் தாங்கும் என்கிறார்கள் கூட ஓட்டும் நண்பர்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். அதே 180/55 அளவில் ஒரு நல்ல டூரிங் டயரைப் புதிதாகப் போடுங்கள். உங்கள் வண்டி ஆடுவதற்குக் காரணம் அகலம் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

சுமையை எடுத்துக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில், அளவை அடுத்து 73டபிள்யூ என்று அச்சிட்டிருக்கும். 73 என்பது சுமைக் குறியீடு. சரியான காற்றழுத்தத்தில் அந்த டயர் 365 கிலோ வரை தாங்கும் என்று பொருள். டபிள்யூ என்பது மணிக்கு 270 கி.மீ. வேகத்துக்கான எழுத்து. 180/55-17 டயர்களில் வழக்கமாக இருப்பது 73. இப்போது 190/50-17 டயர் ஒன்றைப் பாருங்கள். அதிலும் அதே 73தான் இருக்கும். அகலம் 10 மி.மீ. கூடியிருக்கிறது, ஆனால் பக்கச்சுவரின் உயரம் 99 மி.மீ.-யிலிருந்து 95-ஆகக் குறைந்துவிட்டது. சுமையைத் தூக்கி நிறுத்துவது முக்கியமாக உள்ளே அடைத்த காற்று; அதற்கான இடம் பெரிதாகக் கூடவில்லை. இரண்டு பேர், மூன்று பெட்டி என்று போகிறவருக்கு 190/50-ஆல் ஒரு கிலோகூட லாபமில்லை.

பிடிப்பு விஷயமும் இப்படித்தான். பின்சக்கரத்தில் 240 கிலோ இறங்குகிறது, காற்று 42 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால், ரோட்டைத் தொடும் பரப்பு சுமார் 80 சதுர செ.மீ. ஓர் உள்ளங்கை அளவு. சுமையும் காற்றும் மாறாதவரை 190 போட்டாலும் அந்தப் பரப்பு ஏறக்குறைய அதேதான். வடிவம் மட்டும் மாறும்: குறுக்கே கொஞ்சம் நீளும், முன்பின்னாகக் குறுகும். உலர்ந்த ரோட்டில் இதை நீங்கள் உணரப் போவதில்லை. மழையில் உணரலாம். முன்னால் தேங்கிய தண்ணீரை அகல டயர் அதிகமாக ஒதுக்க வேண்டும், அதனால் நீரின் மேல் மிதக்கத் தொடங்குவதும் சற்றுச் சீக்கிரம் நடக்கும்.

அடுத்தது ரிம். 180/55-க்கு உகந்த ரிம் 5.5 அங்குலம், 190/50-க்கு 6. 5.5 ரிம்மில் 190-ஐ மாட்ட முடியும், டயர் நிறுவனங்களின் அட்டவணைகளிலும் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் காசு கொடுத்த 190 அங்கே 190-ஆக நிற்காது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. சுருங்கும். 185-தான் மிஞ்சும். அதைவிட முக்கியம், பக்கச்சுவர்களை இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துப் பிடிப்பதால் மேல் வளைவின் வடிவமே மாறிப்போகிறது. அந்த வளைவுக்கு ஏற்றபடி சாய வேண்டும் என்று டயரை வடிவமைத்தவர் போட்ட கணக்கு கலைகிறது. வண்டியைச் சாய்க்கும்போது ஹேண்டில் கனமாகத் தெரிவது, சாய்த்த பிறகு அது கோட்டை விட்டு நிமிரப் பார்ப்பது எல்லாம் இதிலிருந்து வரும். அகல டயர் போட்டால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க இன்னும் அதிகமாகச் சாய வேண்டும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 10 மி.மீ.-க்கு அது ஒரு டிகிரிக்கும் குறைவு. அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. வடிவம் மாறுவதைத்தான் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் உங்கள் நண்பர்கள் சொன்னது? அவர்கள் உணர்ந்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். நடுவில் தேய்ந்து தட்டையான 180-ஐக் கழற்றிவிட்டுப் புத்தம் புது 190 போட்டால் வண்டி நிச்சயம் நன்றாக ஓடும். புது 180 போட்டிருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும். புதுசால் வந்த சுகத்தை அகலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்த ஒரு குழப்பத்தால் நிறைய பேர் தேவையில்லாத அளவுக்குப் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

உங்கள் பழைய டயரைக் கழற்றுமுன் ஒன்று செய்து பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, உள்ளங்கையை டயரின் ஒரு ஓரத்தில் வைத்து, மெதுவாகக் குறுக்கே மறு ஓரம்வரை தடவிக்கொண்டு போங்கள். புது டயரில் கை ஒரே வளைவாக ஏறி இறங்கும். நேர் ரோட்டில் அதிகம் ஓடிய டயரில், டயரின் ஓரத்திலிருந்து ஏறும் கை ஓரிடத்தில் ஒரு விளிம்பைத் தொடும். அப்புறம் நடுவில் தட்டை. மறுபடி ஒரு விளிம்பு. வளைவில் சாயும்போது வண்டி ஏறி இறங்குவது அந்த விளிம்பின் மேல்தான். நினைத்த கோட்டில் நிற்பதில்லை என்று நீங்கள் எழுதியது இதைத்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

வேகத்தில் ஆடுவதற்குக் காற்றையும் சாமான் வைக்கும் இடத்தையும் பாருங்கள். காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கையேட்டில் இரண்டு பேருக்கும் சுமைக்கும் என்று தனி அளவு இருந்தால் அதை வையுங்கள்; பல டூரிங் பைக்குகளில் அது 42 பிஎஸ்ஐ. சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) தனியாக ஓட்டும்போது வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஆளையும் பெட்டியையும் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும். டாப் பாக்ஸ் அதை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் அது பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. கனமான சாமான்களைப் பக்கப் பெட்டிகளின் அடியில் வைத்து, டாப் பாக்ஸில் மழைக்கோட்டு, கையுறை மாதிரி லேசானவற்றை மட்டும் போடுங்கள். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எடை வரம்பும் வேக வரம்பும் இருக்கும். அது சும்மா ஒட்டியதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் பின்டயர் மாற்றத்தில் ஆசை இருந்தால் ஒரு விஷயம் சொல்கிறேன். டூரிங்காரர்கள் செய்யும் மாற்றங்களில் எனக்குப் பிடித்தது அகலத்தைத் தொடாமல் உயரத்தை மாற்றுவது. கவாசாகி 1400 ஜிடிஆர் வண்டிக்கு நிறுவனம் கொடுத்தது 190/50-17. அதை ஓட்டுபவர்களில் பலர் 190/55-க்கு மாறினார்கள். ரிம் 6 அங்குலம், அதனால் டயர் தன் வடிவத்திலேயே உட்காருகிறது. டயரின் மேல் வளைவு கூர்மையாவதால் வண்டி சுலபமாகச் சாய்கிறது. சுமைக் குறியீடும் பொதுவாக 75-ஆக, அதாவது 387 கிலோவாக உயர்கிறது. அவர்களுக்கு அது பொருத்தம். உங்கள் 5.5 ரிம்முக்கு இதைச் சொல்லமாட்டேன். அங்கே 190/55 போட்டால் டயரின் விட்டம் 11 மி.மீ. கூடும், வண்டியின் பின்பக்கம் 5.5 மி.மீ. உயரும், சைடு ஸ்டாண்டில் வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், கியர் விகிதம் 1.7 சதவீதம் நீளும். எந்த மாற்றமானாலும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டும் முன் பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்பவை என்பதையும், பதிவும் காப்பீடும் அந்த அளவை ஏற்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஒரு அளவு அகலமான டயர் போட்டுவிட்டேன். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்டும் லேசாக ரப்பர் வாசனை வருகிறது. செயின் கவரின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது. கவரைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் போதுமா?

பதில்: தேய்க்காதீர்கள். எங்கெல்லாம் உரசுகிறது என்று தெரியும்வரை ஆளை ஏற்றாதீர்கள், வேகமும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்தது கவர் மட்டும்தான். சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் மேலே ஏறி மட்கார்டின் அடிப்பக்கத்தை, அங்கே போகும் வயர்களை, பிரேக் ஹோஸைத் தொடலாம். கவர் தேய்ந்தால் சத்தம்தான் வரும். பிரேக் ஹோஸ் தேய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, செயின் கவரின் உள்பக்கம், ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) இரண்டு உள்புறங்கள், மட்கார்டின் அடி, ஹோஸ் போகும் கிளிப் ஆகிய இடங்களில் அழுத்தி ஒட்டுங்கள். வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்து பின்பக்கத்தை நன்றாக அமுக்குங்கள். பிறகு மெதுவாக நடை வேகத்தில் கொஞ்ச தூரம் தள்ளுங்கள். எந்த உருண்டை நசுங்கியிருக்கிறது, எவ்வளவு மெல்லியதாக நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். நசுங்கியதன் தடிமன்தான் அங்கே இருக்கும் இடைவெளி. நான் 5 மி.மீ.-க்குக் குறைவாக எங்கும் ஏற்கமாட்டேன், ஏனென்றால் சூடும் வேகமும் ஏறினால் டயர் கொஞ்சம் வளரும்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் செயின் பழையதா? செயின் நீண்டால் இறுக்குவதற்காக ஆக்ஸிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவோம். இப்போது ஸ்விங் ஆர்மின் குறுக்குச் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே இடம் தாராளமாகத் தெரியும். புதுச் செயின் போடும் நாளில் சக்கரம் முன்னால் வந்துவிடும், அந்த இடம் போய்விடும். அதனால் ஆக்ஸில் முன்கோடியில் இருப்பதாக வைத்து அளந்து பாருங்கள்.

சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளி இடம் உண்டாக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். முன் பின் சக்கரங்கள் ஒரே கோட்டில் ஓட வேண்டும். பழைய அளவுக்குத் திரும்புவதுதான் நல்ல வழி.

கேள்வி: டூரிங் பைக்கின் பின்னால் கார் டயர் போட்டால் ரொம்ப நாள் உழைக்குமாமே?

பதில்: உழைக்கும். போடாதீர்கள். கார் டயர் தட்டையாக நிற்பதற்காகச் செய்தது. பைக் சாயும்போது அது தன் ஓரத்தின் மேல் ஏறி நிற்கும். பைக் ரிம்மில் டயரின் பீடு (ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு) உட்காரும் இடத்தின் வடிவமும் கார் ரிம்மிலிருந்து வேறு. அந்த ஜோடியைச் சோதித்து, இது பொருந்தும் என்று எந்த வண்டி நிறுவனமும் உங்களுக்கு எழுதித் தராது.

கேள்வி: புது டயர் மாட்டி வெளியே வந்ததும் முதல் திருப்பத்திலேயே பின்சக்கரம் லேசாக வழுக்கியது. டயரில் குறையா?

பதில்: பெரும்பாலும் குறை இல்லை. அச்சிலிருந்து வந்த புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். மாட்டும்போது தடவிய திரவமும் ஓரங்களில் ஒட்டியிருக்கலாம். முதல் 150 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். திடீர் ஆக்சிலரேட்டர், திடீர் பிரேக் வேண்டாம். சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டயரை மணல்தாளால் தேய்ப்பதும், எதையாவது ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். மறுநாள் காலை வண்டியை நகர்த்தும் முன் காற்றை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் வால்விலும் ரிம் ஓரம் முழுக்கவும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மாட்டியவரிடமே திரும்ப எடுத்துப் போங்கள்.