பஸ்ஸில் ஏறிய பாட்டு இறங்க மாட்டேன் என்கிறது

கேள்வி: கேரள எல்லையோரம், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் போடும் ஒரு மலையாளப் பாட்டின் முதல் இரண்டு வரி தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணக்கு எழுதும்போதும் விடுவதில்லை, படுத்தாலும் விடுவதில்லை. படித்தது தமிழ் மீடியம் என்பதால் வரிகளும் சரியாகப் புரியவில்லை. “பேய் பிடிச்ச மாதிரி என்ன முணுமுணுப்பு?” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம்)

பதில்: பேயெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். இது பெரும்பாலானவர்களுக்கு வருகிற தொல்லைதான், மாமியாருக்கும் வந்திருக்கும்.

முதலில், அதை விரட்டுவதை நிறுத்துங்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான், விரட்ட விரட்ட ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது, அந்த “முதல் இரண்டு வரி”. முடித்த வேலையைவிடப் பாதியில் விட்ட வேலைதான் மனதில் நன்றாக நிற்கிறது என்று ப்ளூமா ஜீகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். உங்களுக்குப் பல்லவி மட்டும் தெரியும், சரணம் தெரியாது. அதனால் மனசு பல்லவி முடிந்ததும் போக வழியில்லாமல் மறுபடி முதல் வரிக்கே திரும்புகிறது. உங்கள் ஊரில் மலையாளம் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டு முழுப் பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதி வாங்குங்கள். அர்த்தமும் கேளுங்கள். யூடியூபில் போட்டு, கடைசி வரி வரைக்கும் கூடவே பாடுங்கள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஆபீஸில் பாட முடியாதே என்பீர்கள். சூயிங் கம் மெல்லுங்கள். விளையாட்டில்லை, இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் சோதித்தபோது, மென்றவர்களுக்குப் பாட்டு நினைவு குறைவாகவே வந்தது. மனதுக்குள் பாடும்போதும் மூளை வாய் அசைவைத்தான் திட்டமிடுகிறது. வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் அது தடுமாறும். இதைச் சாக்கு வைத்துப் பாக்குப் பொட்டலத்துக்குப் போய்விடாதீர்கள்!

ராத்திரிக்குக் குறுக்கெழுத்தோ சுடோகுவோ எடுங்கள். ரொம்பச் சுலபமானது வேண்டாம், தலை வெடிக்கிற மாதிரியும் வேண்டாம். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த இரண்டு நிலையிலும் பாட்டு திரும்பி வந்தது. வேறு பாட்டைக் கேட்டும் இதைத் துரத்தலாம், ஆனால் அப்புறம் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பாட்டு நினைவில் ஓடாமல், வெளியே யாரோ பாடுவதுபோல நிஜமாகவே காதில் கேட்டாலோ, வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.